ரப்பர் பாலும் மகாகெதர வீட்டுத் துயரமும்

1903ஆம் ஆண்டு யட்டியாந்தோட்டைக்கு ரயில் வந்தது. முந்தைய ஆண்டு கொழும்பிலிருந்து அவிசாவளை வரை போட்டிருந்த இரண்டரை அடி அகலப் பாதை, களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நீண்டு இங்கே வந்து முடிந்தது. அதற்கு முன்னால் இந்தப் பகுதியின் விளைச்சல் தட்டைப் படகுகளில் ஆற்றோடு மிதந்துதான் கொழும்புக்குப் போனது. ரயிலைக் கேட்டு வாங்கியவர்கள் தோட்டத் துரைமார். தேயிலைப் பெட்டிகளுக்காகத்தான் கேட்டார்கள். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டியில் ஏறிய சரக்கு மாறத் தொடங்கியது. புகைக் கூடத்தில் காய்ந்து தேன் நிறமான ரப்பர் ஷீட்டுகள் கட்டுக் கட்டாக ஏறின.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலின் கதை தொடங்குகிறது. தென்னிலங்கைக் கரையோரக் கிராமம் ஒன்று. மகாகெதர என்ற பெரிய வீடு. முகாந்திரம் பட்டம் வாங்கிய பழைய குடும்பம். அந்த வீட்டு மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க பியல் என்ற இளைஞன் வருகிறான். அவன் குடும்பத்து முன்னோர் காய்கறி விற்றவர்கள் என்பதால் பெண் கொடுக்க மறுக்கிறார்கள். குலம் பொருந்திய ஜினதாசவுக்கு நந்தாவைக் கட்டிவைக்கிறார்கள். அவன் தொழில் நொடித்து, பிழைப்புத் தேடி பிபிலைப் பக்கம் போய், அங்கேயே மாண்டுபோகிறான். கொழும்புக்குப் போன பியலோ வியாபாரத்தில் பணக்காரனாகித் திரும்புகிறான். நந்தா அவனை மணக்கிறாள். அந்தத் திருமணத்துக்குள்ளும் ஜினதாசவின் நினைவு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1944இல் வந்த இந்த நாவலைச் சிங்கள இலக்கியத்தின் முதல் பெரும் யதார்த்த நாவலாகக் கொண்டாடுகிறார்கள். தமிழில் எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் மொழிபெயர்த்தார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கினார். கதை இன்னும் இரண்டு நாவல்களில் தொடர்கிறது. 'கலியுகய'வில் பியலும் நந்தாவும் கொழும்பில் செல்வர்களாக வாழ்கிறார்கள். வீடு நிறையப் பொருள் இருக்கிறது, பேச்சு இல்லை. மகன் அலன் பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அவர்களுடைய வாழ்க்கையையே குற்றம் சாட்டிக் கடிதம் எழுதுகிறான். 'யுகாந்தய'வில் அடுத்த தலைமுறை. சைமன் கபலான என்ற முதலாளியும், இங்கிலாந்தில் படித்து இடதுசாரியாகத் திரும்பிவந்த அவர் மகன் மாலினும் எதிரெதிரே நிற்கிறார்கள்.

பணம் வந்த வீட்டில் நிம்மதி ஏன் வரவில்லை என்ற கேள்வியைத்தான் மூன்று நாவல்களும் விடாமல் கேட்கின்றன. விக்கிரமசிங்க இதற்கு மலிவான பதில் எதுவும் சொல்வதில்லை. பணத்தாசை கெட்டது என்று உபதேசம் செய்வதில்லை. நந்தா கெட்டவள் இல்லை, பியலும் கெட்டவன் இல்லை. ஒரு வாழ்க்கை முறையை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிக்கப் போனவர்களுக்குக் கையில் பணம் மட்டும் மிஞ்சியது என்று காட்டுகிறார். அவருடைய பார்வை பெரும்பாலும் வீட்டுக்குள் நிற்கிறது: மண்டபம், சாப்பாட்டு மேசை, நோயாளி கிடக்கும் அறை. இத்தகைய வீடுகளுக்குப் பணம் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, கொழும்புக்குக் கிழக்கே, மழை விட்டால் அட்டை ஏறும் மலைச்சரிவுகளில் இருந்தது.

இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்காரரானவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதைக் குமாரி ஜெயவர்தன 'நோபடீஸ் டு சம்பொடீஸ்' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். சாராயக் குத்தகை முதல் படி. அந்தப் பணம் தென்னந்தோட்டத்துக்கும் காரீய (கிராபைட்) சுரங்கத்துக்கும் போனது, பிறகு ரப்பருக்கு வந்தது. யட்டியாந்தோட்டை அடங்கிய கேகாலை மாவட்டம் இதில் இரண்டு வகையில் சேர்த்தி. போகல காரீயச் சுரங்கம் இங்கேதான் இருக்கிறது, ரப்பர் மலைகளும் இங்கேதான்.

காரீயத்தால் எழுந்த குடும்பங்களில் ஒன்றின் கதை நாவலை விடக் கொடியது. முதலியார் டி.சி.ஜி. ஆட்டிகல காரீயச் சுரங்கங்களால் நாட்டின் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார். அவருக்குப் பிறகு அந்தச் சொத்து உறவுகளுக்கு நடுவே கிடந்தது. 1906 டிசம்பரில் அவருடைய மகன் பிரான்சிஸ் கொள்ளுப்பிட்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலைக்கு ஏற்பாடு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சகோதரியின் கணவர் ஜோன் கொத்தலாவலை. வழக்கு முடிவதற்கு முன்பே, 1907இல், அவர் சிறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருடைய மகனுக்கு வயது பத்துதான். அந்தச் சிறுவன்தான் 1953இல் இலங்கையின் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவலை. ஒரே தலைமுறையில் மலைபோல் குவிந்த பணம் ஒரு வீட்டுக்கு என்ன செய்யும் என்பதற்கு இந்த நாட்டு வரலாற்றில் இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது. விக்கிரமசிங்க தன் நாவல்களில் துப்பாக்கிச் சத்தம் இல்லாமலே அதே நோயைக் காட்டினார்.

ரப்பரின் கதை இன்னும் நீளமானது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அதே ஆண்டில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. முதல் இருபது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. கோப்பி நோயில் அழிந்த பிறகு எல்லோருக்கும் தேயிலைப் பித்துப் பிடித்திருந்தது. மோட்டார் வண்டி வந்து டயர் தேவைப்பட்ட பிறகுதான் தாழ்நிலச் சரிவுகளில் தேயிலைக்குப் பக்கத்திலும் காட்டை வெட்டிய இடங்களிலும் ரப்பர் ஏறியது. 1910இல் லண்டனில் ஓர் இறாத்தல் ரப்பர் 12 ஷிலிங்கையும் தாண்டி விற்றது. கம்பெனிப் பங்கு வாங்கியவர்கள் ஒரே பருவத்தில் பணக்காரரானார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு உள்ளூர் முதலாளிமாரும் நிலம் வாங்கி ரப்பர் நட்டார்கள்.

யட்டியாந்தோட்டையைச் சுற்றியுள்ள களனி, பனாவத்தை, கனேபல்ல, வீ ஓயா போன்ற தோட்டங்களில் அந்த ரப்பரைப் பாலாக எடுத்தவர்களில் பெரும் பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள். சிங்களக் கிராமத்தாரும் பால்வெட்டுக்கு வந்தார்கள். தேயிலை மலைகளைவிட ரப்பர் தோட்டங்களில் இந்தக் கலப்பு அதிகம். லயத்துத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்களம் பேசி வளர்ந்ததற்கும் இதுவே காரணம்.

பால்வெட்டு வெயில் ஏறுமுன் செய்யவேண்டிய வேலை. குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். விடியலில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்துவிட்டு, பால் கத்தியும் வாளியுமாக மரம் மரமாக ஏறி இறங்கவேண்டும். நேற்றைய காயத்தில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு, பட்டையைச் சன்னமாகச் சீவவேண்டும். கத்தி ஆழமாகப் பட்டால் மரத்தில் காயம் விழும், கங்காணி பார்த்தால் அன்றைய பேர், அதாவது நாள் கூலி, அறுபடும். எல்லா மரமும் வெட்டி முடித்த பிறகு திரும்ப வந்து சிரட்டைகளில் நிறைந்த பாலை ஊற்றி எடுத்துப் பால் ஸ்டோருக்குச் சுமக்கவேண்டும். இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் பகுதிகளில் யட்டியாந்தோட்டை, கித்துல்கல பக்கமும் ஒன்று. மழை பெய்தால் பட்டை நனையும், பால் வழிந்து வீணாகும், வெட்டு நிற்கும், பேரும் நிற்கும். லயத்துக் கூரையில் விழுந்த ஒவ்வொரு மழையும் அந்த வீட்டின் வரவு செலவில் விழுந்தது.

கடனும் உண்டு. துண்டுமுறை 1921வரை சட்டத்திலேயே இருந்தது. கங்காணியிடம் பட்ட கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் தொழிலாளி அங்கே போகமுடியும் என்பதே அதன் சாரம். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. அதன்படி நிர்ணயித்த கூலி நடைமுறைக்கு வந்தபோது தாழ்நிலத் தோட்டத்தில் ஆணுக்கு நாளுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். அந்தக் கூலியும் நிலைக்கவில்லை. உலகப் பெருமந்தம் வந்தது. 1932 நடுவில் லண்டன் ரப்பர் விலை இறாத்தல் இரண்டு பென்ஸுக்கும் கீழே போனது. 12 ஷிலிங் என்றால் 144 பென்ஸ் என்பதை வைத்துப் பார்த்தால் வீழ்ச்சியின் ஆழம் விளங்கும். தோட்டங்கள் வெட்டை நிறுத்தின, கூலியைக் குறைத்தன, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பின. கொழும்பு மாளிகைகளில் மோட்டார் வண்டி விற்கப்பட்டிருக்கலாம். இங்கே அடுப்பு அணைந்தது.

அதோடு நிற்கவில்லை. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் பொங்கி ஓடும் ஆறுகள் வற்றிப் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தத் தண்ணீரில் நுளம்பு பெருகியது. அக்டோபர் இறுதியில் தொடங்கிய மலேரியா சில மாதங்களுக்குள் நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாகத் தாக்கப்பட்ட இடங்களில் கேகாலை மாவட்டம் முதல் வரிசையில் இருந்தது. மலேரியா பழகாத ஈரவலய மக்கள் என்பதால் அவர்களுடைய உடலில் எதிர்ப்புச் சக்தி இல்லை, பட்டினியால் இரத்தமும் இல்லை.

மாலின் கபலான என்ற பாத்திரம் காகிதத்தில் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னமே, இரத்தமும் சதையுமான மாலின்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது அப்போதுதான். ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமான சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தார்கள். அவர்களில் ஒருவர் லண்டன் பொருளியல் கல்லூரியில் ஹரல்ட் லாஸ்கியிடம் படித்துத் திரும்பிய என்.எம். பெரேரா. களனிப் பள்ளத்தாக்கில் பருப்புப் பங்கிட்டதால் ஊரார் அவரை 'பரிப்பு மஹத்தயா' (பருப்பு ஐயா) என்றே அழைத்தார்கள். இன்னொருவர் பிலிப் குணவர்தன. அவிசாவளைக்கு அருகே பொரலுகொடவில் நிலபுலன் உள்ள குடும்பம் அவருடையது. தந்தை பொரலுகொட ராலஹாமி ஊர் அறிந்த பெரியவர், 1915 கலவரத்தில் பிரித்தானியரால் சிறையில் அடைக்கப்பட்டவர். மகன் அமெரிக்காவில் படிக்கப்போய் மார்க்சியத்தோடு வந்தார். பாணந்துறைச் செல்வக் குடும்பத்துப் பிள்ளையான லெஸ்லி குணவர்தனவும் இவர்களோடு சேர்ந்தார். 1935 டிசம்பர் 18இல் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது.

அடுத்த ஆண்டே அரசாங்க சபைத் தேர்தல். நான்கு தொகுதிகளில் போட்டியிட்ட கட்சி இரண்டில் வென்றது. அவிசாவளையில் பிலிப், ருவான்வெல்லையில் என்.எம். இரண்டும் களனிப் பள்ளத்தாக்கு. ருவான்வெல்லை அதற்கு முன் மீதெனிய அதிகாரம் குடும்பத்தின் தொகுதி. 1931இல் மீதெனிய போட்டியின்றித் தெரிவாகி, சில மாதங்களில் இறந்தபோது, மகள் அடலின் மொலமுறே இடைத்தேர்தலில் வென்று நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரானார். வளவு எனப்படும் பிரபு வீட்டின் செல்வாக்கைப் பருப்புச் சாக்கோடு நடந்துவந்த ஒருவர் வென்றார் என்பது அன்றைய இலங்கையில் சாதாரண செய்தி அல்ல. கம்பெரலியவின் மகாகெதர கடன்பட்டுச் சரிந்தது. இங்கே வளவு வாக்குச்சீட்டில் தோற்றது.

வென்றவர்கள் சபையில் பேசியதோடு நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார்கள். 1940 ஜூனில் என்.எம்., பிலிப், கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரைப் பிரித்தானிய அரசு கைது செய்து அடைத்தது. 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்ட அதே வாரத்தில், அவர்கள் கண்டி போகம்பரைச் சிறையிலிருந்து தப்பினார்கள்; அவர்களில் சிலர் பிறகு இந்தியாவுக்குப் போனார்கள். அதே ஆண்டில் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததால் நேச நாடுகளுக்கு இலங்கை ரப்பரே பெரிய ஆதாரமாகியது. மரத்தின் ஆயுளைப் பாராமல் பட்டையைச் சீவி எடுத்தார்கள். யட்டியாந்தோட்டை ரயில் பாதை மட்டும் போருக்காகப் பெயர்க்கப்பட்டது. அது திரும்ப வரவே இல்லை.

'யுகாந்தய' வெளிவந்தது 1949இல். கதை வரிசையில் மூன்றாவதான அதை விக்கிரமசிங்க இரண்டாவதாக எழுதினார், 'கலியுகய' 1957இல்தான் வந்தது. நிதானமாக எழுதுபவர் ஏன் நடுவைத் தாண்டி முடிவுக்குப் போனார்? முதலாளியின் வீட்டிலிருந்தே தொழிலாளிக்காக ஒருவன் புறப்படுகிறான் என்ற செய்தி அந்த நாட்களில் அவ்வளவு சூடாக இருந்தது என்றுதான் எண்ணத் தோன்றுகிறது. ஆனால் மாலின் புத்தகக் கடைக்கு வந்த அதே 1949இல்தான் தேர்தல் சட்டத் திருத்தம் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. சமசமாஜக் கட்சி நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் அன்று இருந்தவர் என்.எம். அந்த எதிர்ப்பு உண்மையானது, அதை மறக்கக்கூடாது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாகவேண்டும். மூன்று நாவல்களும் செல்வத்தின் துன்பத்தை இவ்வளவு நுட்பமாகத் தொட்டபோதும், மலைச்சரிவில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கை அவற்றின் மையத்துக்கு வரவே இல்லை. தென்கரைச் சிங்களச் சமூகத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த கலைஞர் அறியாததை எழுதாமல் விட்டார் என்று அவரை நியாயப்படுத்தலாம். நியாயம்தான். ஆனாலும் அலன் இங்கிலாந்திலிருந்து தாய்க்கு எழுதுவதைப் படிக்கும் மலையகத் தமிழ் வாசகருக்கு, அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பக்கம் எழுதப்படாமல் விடுபட்டது தெரியும். தமிழில் புதுமைப்பித்தன் 1935இலேயே 'துன்பக்கேணி'யில் மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. அவை இரண்டும் துயரத்தைத் தொழிலாளியின் பக்கமிருந்து சொல்கின்றன. விக்கிரமசிங்கவை இவற்றோடு சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும் ஒன்றாகத் தெரிகின்றன.

1983இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'யுகாந்தய'வையும் படமாக்கினார். காமினி பொன்சேகா சைமன் கபலானவாக நடித்தார். மாலினாக நடித்தவர் ரிச்சர்ட் டி சொய்சா என்ற இளைஞர், தாய்வழியில் தமிழர். பத்திரிகையாளராகிய அவர் 1990 பெப்ரவரியில் வீட்டிலிருந்து கடத்திச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்.

நாவல் மாலினை இளைஞனாகவே விட்டுவிடுகிறது. வரலாறு என்.எம்.மை அப்படி விடவில்லை. 1960இல் யட்டியாந்தோட்டை தனித் தொகுதியானது. அன்று முதல் 1977வரை அவரே அதன் உறுப்பினர். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது, அவர் நிதியமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபரில் நாடற்றவர்கள் பற்றிய ஒப்பந்தத்தில் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. 1948இல் நாடற்றவர்களுக்காக எழுந்து பேசியவர் 1964இல் அந்த மக்களைப் பங்கு பிரித்த அரசின் அமைச்சரவையில் இருந்தார். அவருக்கு வாக்களித்த தொகுதியின் மலைகளிலிருந்தே குடும்பங்கள் தகரப் பெட்டியோடு தலைமன்னாருக்கு ரயிலேறின. பருப்புக் கொடுத்த கையின் நன்றியும் இந்த வலியும் யட்டியாந்தோட்டைப் பெரியவர்களின் நினைவில் ஒன்றையொன்று அழிக்காமல் அருகருகே இருக்கின்றன. அவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் அந்த ஊரின் வரலாற்றைப் பாதியில் மூடிவிடுகிறார்கள்.

1970இல் அவர் மீண்டும் நிதியமைச்சர், கொல்வின் பெருந்தோட்ட அமைச்சர். 1972இல் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு, 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை. சைமன் கபலானகளின் காணி சட்டப்படி போனது. ஆனால் 1973, 1974இல் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. ரொட்டிக்கு மா இல்லாமல் கிழங்கும் கீரையும் தின்ற காலம் என்று லயங்களில் இன்றும் பேசுவார்கள். 1975இல் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1977 ஜூலைத் தேர்தலில் என்.எம். யட்டியாந்தோட்டையில் தோற்றார். அடுத்த மாதம் வெடித்த வன்முறையில் தமிழர் தோட்டங்களும் தாக்கப்பட்டன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிக் காடு வெட்டிக் குடியேறின. என்.எம். 1979 ஆகஸ்டில் காலமானார்.

எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு விண்ணப்பம், சாட்சி என்ற இழுபறி இல்லாமல் குடியுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்கும் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 மே மாத மழையில், புளத்கொஹுப்பிட்டி களுபான தோட்டத்து லயத்தின்மேல் மலை சரிந்து தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவுகளில் இன்றும் பால் வெட்டுகிறார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை.